ஓகே அழுத்தி மூடிய பெட்டி

2024ஆம் ஆண்டு கல்விசாரா ஊழியர்களின் பணிப்புறக்கணிப்பால் பல்கலைக்கழகங்கள் இரண்டு மாதத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லைப்ரரி பூட்டு, விரிவுரை இல்லை, ஹொஸ்டலில் இருந்தவர்கள் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் பட்ச்சில் சிலர் ரியூசன் குடுத்தார்கள், சிலர் தையல் பழகினார்கள். நான் அந்த நாட்களில் பாதியை அண்ணாவின் கம்பியூட்டரில் ஒரு கேமைத் திறக்க வைக்கிறதிலேயே செலவழித்தேன். விளையாடுறதில் இல்லை, திறக்க வைக்கிறதில்.

கேமின் பெயர் ஸ்கைரிம். 2011 நவம்பர் 11ஆம் திகதி வெளிவந்தது. 2016இல் அதையே மெருகேற்றி ஸ்பெஷல் எடிஷன் என்று விட்டார்கள். அண்ணாவிடம் இருந்தது அதுதான். பனிமலை, வாள், பறக்கிற டிராகன். உண்மையைச் சொன்னால் எனக்கு இதில் ஒன்றிலும் பெரிய விருப்பம் இல்லை. நான் தமிழ் சிறப்புக் கற்கை செய்கிறவள். எனக்குத் தேவைப்பட்டது அந்தக் கேமுக்குள் இருந்த ஒரு வீடு.

அதைக் கொஞ்சம் சொல்ல வேணும். எங்கட வீடு பரந்தன் பக்கம். 2008 கடைசியில் நாங்கள் அங்கேயிருந்து வெளிக்கிட்டபோது எனக்கு 5 வயது, அண்ணாவுக்கு 12. திரும்பி வந்தபோது அத்திவாரமும் கிணறும் மட்டும்தான் மிச்சம். அல்பம் இருந்த பையும் இடையில் எங்கேயோ விடுபட்டுவிட்டது. இப்போது அதே காணியில் வீட்டுத்திட்ட வீடு ஒன்று இருக்கிறது, அதில்தான் இருக்கிறோம். பழைய வீட்டைப் பற்றி அம்மாவும் அண்ணாவும் கதைக்கும்போது நான் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன். "உனக்கு ஞாபகம் இல்லையே, திண்ணையில இருந்துதானே சாப்பிடுவாய்" என்பார் அம்மா. எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா சொன்னதுதான் ஞாபகம்.

2021இல் கொரோனாவால் எல்லாம் பூட்டிக் கிடந்த காலத்தில் அண்ணா அந்த வீட்டை ஸ்கைரிமுக்குள் கட்டினார். கிரியேஷன் கிட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கேமில் இருக்கிற சுவர், கதவு, மரம் எல்லாவற்றையும் எடுத்து விருப்பமான இடத்தில் வைக்கலாம். ரிவர்வுட் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஆத்தங்கரையில் இடம் பார்த்து, அங்கே இருந்த மரவீட்டுத் துண்டுகளை வைத்துத் திண்ணை, விறாந்தை, தனிக் குசினி, கிணறு எல்லாம் அடுக்கினார். பனை இல்லாததால் பைன் மரம் நட்டார். நான் அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு "இது என்ன பனி விழுற பரந்தன்?" என்று பகிடி பண்ணிவிட்டுப் போய்விட்டேன். 2022 கடைசியில் அண்ணா கட்டாருக்கு வேலைக்குப் போனார். கம்பியூட்டரைத் துணியால் மூடி எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

பணிப்புறக்கணிப்புக் காலத்தில் ஒருநாள் பழைய வீட்டைப் பற்றிய கதை வந்தது. அம்மாவின் நினைவில் இருப்பது ஒன்று, அண்ணா கட்டிவைத்தது ஒன்று. படமாக இருப்பது அண்ணாவின் சேவ் ஃபைல் மட்டும்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. துணியை எடுத்தேன்.

முதல் பிழையை அன்றைக்கே விட்டேன். போன் ஹொட்ஸ்பொட்டைப் போட்டதும் ஸ்டீம் தானாக ஓடி, கேமைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டது. நான் டெஸ்க்டொப்பில் இருந்த ஸ்கைரிம் ஐகனைச் சொடுக்கினேன். கேம் திறந்தது. அண்ணாவின் கடைசி சேவைத் தெரிவு செய்ததும், இந்த சேவுக்குத் தேவையான சில விஷயங்கள் இப்போது இல்லை, தொடரவா என்று ஒரு கேள்வி வந்தது. பயந்துபோய் 'இல்லை' என்று அழுத்தினேன். அந்த இரண்டு மாதத்தில் நான் யோசிக்காமல் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். 'ஓம்' என்று உள்ளே போய், கேம் தானாக ஒருமுறை சேவ் பண்ணியிருந்தால், வீடு இல்லாத உலகம் ஒன்று புதிதாகப் பதிவாகியிருக்கும்.

ஏன் இல்லை என்கிறது? மொட்டுகள் எல்லாம் டிஸ்கில் அப்படியே இருக்கின்றனவே? இது விளங்க எனக்கு இரண்டு நாள் போனது.

கேமைச் செய்த கொம்பனி அல்லாத ஆட்கள், அதாவது எங்கள் அண்ணா மாதிரி ஆட்கள், செய்து சேர்க்கிற மாற்றங்கள்தான் மொட். பழைய முறையில் அதைக் கேமின் டேட்டா ஃபோல்டருக்குள் நேரடியாகப் போடுவார்கள். இருபது முப்பது மொட் போட்ட பிறகு எது எவருடைய ஃபைல் என்று தெரியாது, ஒன்றைக் கழற்றப் போனால் இன்னொன்றும் சேர்ந்து வரும். அண்ணா வைத்திருந்த மொட் ஓர்கனைசர் 2 அப்படிச் செய்யாது. ஒவ்வொரு மொட்டையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்திருக்கும். கேமைத் தன் வழியாகத் திறக்கும்போது மட்டும், எல்லாம் டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கிற மாதிரிக் கேமுக்குக் காட்டும். புவியியல் செய்த பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். அடியில் தேசப்படம், அதற்கு மேலே ஆறுக்கு ஒரு ட்ரேசிங் தாள், வீதிக்கு ஒரு தாள், மழைவீழ்ச்சிக்கு ஒரு தாள். அடிப்படத்தில் ஒரு கீறும் விழாது. ஆனால் தாள்களை வைக்காமல் படத்தை மட்டும் பார்த்தால் ஆறும் இல்லை, வீதியும் இல்லை. ஸ்டீம் வழியாகத் திறந்து நான் பார்த்தது வெறும் அடிப்படத்தை.

அதனால் முதலில் சேவ் ஃபைல்களை ஒரு பென் டிரைவில் கொப்பி பண்ணினேன். ஒவ்வொரு சேவுக்கும் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கும், இரண்டையும் சேர்த்தே எடுக்க வேணும். பிறகு மொட் ஓர்கனைசரில் அண்ணாவின் ப்ரொஃபைலை இன்னொரு பெயரில் நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் கைவைப்பது என்று முடிவெடுத்தேன். இதை ஆரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சுவடி பதிப்பிக்கிறவர்கள் மூலத்தில் பேனை வைக்க மாட்டார்கள் என்று வகுப்பில் படித்ததுதான்.

பிறகு மொட் ஓர்கனைசருக்குள் இருந்தே கேமை ஓடவிட்டேன். ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஏதோ ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி. ஓகே அழுத்தினேன். இரண்டாவது பெட்டி ஒன்று வந்தது. அதைக் கடந்து போக முடியாததால் அதைப் படித்தேன். இந்த முதல் பெட்டியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பெட்டி எஸ்கேஎஸ்ஈ என்ற உப மென்பொருளிடமிருந்து வந்தது. ஸ்கைரிமின் இயல்பான வசதிகளுக்கு மேலே புதிய வேலைகளைச் செய்ய விரும்புகிற மொட்டுகள் இதில் தங்கியிருக்கும். இது கேமின் முதன்மை ஃபைலுக்குள் எந்த வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்று முகவரி தெரிந்து போய்ப் பிடிக்கிற ஒன்று. கேம் புதிய பதிப்புக்கு மாறினால் முகவரிகள் எல்லாம் தள்ளிப்போய்விடும். தபால்காரருக்குப் பழைய வீட்டு இலக்கங்களைக் குடுத்து, புது இலக்கம் ஒட்டின ஒழுங்கைக்கு அனுப்பின மாதிரி. 2021 நவம்பரில் கேமின் பத்தாவது ஆண்டுக்கு வந்த அப்டேட் இப்படித்தான் உலகம் முழுக்க மொட் போட்டு விளையாடினவர்களைக் கவிழ்த்தது. 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் திரும்ப மாற்றினார்கள். எங்கட கம்பியூட்டரில் வந்து இறங்கியது 1.6.1170. அதற்குரிய எஸ்கேஎஸ்ஈயை எடுத்தேன். முகவரிகளை ஒரே இடத்தில் தொகுத்து வைத்திருக்கிற அட்ரஸ் லைப்ரரி என்ற மொட்டையும் புதுசாக்கினேன். அதுக்குப் பிறகும் எந்தெந்த மொட் சரிவரவில்லை என்று எஸ்கேஎஸ்ஈ பெயர் சொல்லிக் காட்டியது. ஆறு மொட். ஆறையும் மாற்றினேன். இரவு 12 மணிக்கு மேல் கிடைக்கிற டேட்டாவில் இறக்கியதால் இதுக்கே நாலு நாள்.

இங்கே நான் நிற்பாட்டியிருக்க வேணும். ஆனால் புதுசாக்கினால் நல்லது என்ற ஒரு துணிவு வந்துவிட்டது. தேவையில்லாமல் இன்னும் பத்துப் பன்னிரண்டு மொட்டுகளைப் புதுசாக்கினேன். அதில் ஒன்று, கேமில் உள்ள வழுக்களைத் திருத்துவதற்கு ரசிகர்கள் செய்த பெரிய தொகுப்பு. அதன் புதிய பதிப்புக்கு, கேமோடு பிறகு சேர்ந்த நாலு இலவச உள்ளடக்கங்கள் கட்டாயம் இருக்க வேணும். அண்ணாவின் பட்டியலில் அவை இல்லை. ஒரு மொட் இன்னொன்றின் மேல் கட்டப்பட்டிருந்தால், அடியில் உள்ளதை மாஸ்டர் என்பார்கள். மாஸ்டர் இல்லாமல் மேலே உள்ளதை ஏற்றினால் கேம் முகப்புக்கே வராமல் விழுந்துவிடும். எனக்கு விழுந்தது. வலது பக்கப் பட்டியலில் மஞ்சள் முக்கோணம் போட்டு மொட் ஓர்கனைசர் காட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் பத்து விஷயத்தை ஒன்றாக மாற்றியிருந்ததால் எந்த மாற்றத்தால் விழுகிறது என்று தேடி ஒரு முழு நாள் போனது.

அதிலிருந்து ஒரு சீஆர் கொப்பி எடுத்தேன். இடது பக்கம் என்ன மாற்றினேன், வலது பக்கம் என்ன நடந்தது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். அம்மா எட்டிப்பார்த்து, "ஸ்ட்ரைக் எண்டாலும் பிள்ளை படிக்குது" என்று பக்கத்து வீட்டு அன்ரிக்குச் சொன்னார். நான் திருத்தவில்லை.

அடுத்தது ஓவர்ரைட் ஃபோல்டர். இடது பட்டியலின் ஆக அடியில் அந்தப் பெயரில் ஒன்று இருந்தது, உள்ளே கணக்கில்லாத ஃபைல்கள். குப்பை என்று நினைத்து அழித்தேன். கேமைத் திறந்து, ஒரு புது ஆட்டம் தொடங்கிப் பார்த்தால், எல்லாச் சனமும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வெருளி மாதிரி நிற்கிறார்கள். நடக்கவும் இல்லை, அப்படியே வழுக்கிக்கொண்டு வருகிறார்கள். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுத்தான் பயந்தேன். மொட் ஓர்கனைசர் வழியாக ஓடுகிற கருவிகள் புதிதாக எழுதுகிற ஃபைல்கள் போய்ச் சேருகிற இடம்தான் ஓவர்ரைட். ஆட்களின் உடல் அசைவுகளைத் தொகுத்து எழுதுகிற நெமெசிஸ் என்ற கருவியின் வெளியீடு அதற்குள்தான் இருந்திருக்கிறது. நெமெசிஸைத் திரும்ப ஓடவிட்டதும் கையைக் கீழே போட்டார்கள். கொப்பியில் எழுதினேன்: எனக்கு விளங்காதது எல்லாம் குப்பை இல்லை.

பதினோராம் நாள் எல்லாம் சரிவந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் முகப்பு வந்தது. வழமையான அந்த முதல் பெட்டி மட்டும் வந்தது, வழமை போல ஓகே அழுத்தினேன். அண்ணாவின் கடைசி சேவை எடுத்தேன். திரும்பவும் அதே கேள்வி, சிலது இல்லை, தொடரவா. மொட் பட்டியலில் அண்ணாவின் வீட்டுக்கு நேரே சரி அடையாளம் இருந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். சேவும் பென் டிரைவில் பத்திரம். 'ஓம்' அழுத்தினேன்.

அண்ணாவின் ஆள் ஆத்தங்கரையில் நின்றான். எதிரே புல்லும் இரண்டு மூன்று கல்லும். வீடு இல்லை. திண்ணை இல்லை, கிணறு இல்லை, அவர் நட்ட பைன் மரம்கூட இல்லை. ஆள் நின்ற நிலையைப் பார்த்தால், வீட்டுக்கு முன்னால் நின்று அதைப் பார்த்தபடிதான் அண்ணா கடைசியாக சேவ் பண்ணியிருக்கிறார் என்று விளங்கியது. இப்போது அவன் வெறுங்காணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். காணிக்குத் திரும்பி வந்த அன்றைக்கு அப்பாவும் இப்படித்தான் நின்றாராம். அதுவும் அம்மா சொன்னதுதான்.

அன்றைக்கு இரவு எனக்கு வந்தது கோபம். வேறு ஏதோ மொட் வீட்டை மறைக்கிறது என்று முடிவு கட்டினேன். அது நடக்கக்கூடியதுதான். இரண்டு மொட் ஒரே இடத்தில் கைவைத்தால் பட்டியலில் பின்னுக்கு வருவதுதான் வெல்லும், மேலே வைத்த ட்ரேசிங் தாள் கீழே உள்ளதை மறைக்கிற மாதிரி. குற்றவாளியைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மொட்டுகளில் பாதியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது. பிழை போனால் குற்றவாளி நிறுத்தின பாதியில். போகாவிட்டால் மற்றப் பாதியில். பிறகு அந்தப் பாதியைத் திரும்பப் பாதியாக்குவது. 128 மொட் என்றாலும் 64, 32, 16, 8, 4, 2, 1 என்று ஏழே தடவையில் பிடித்துவிடலாம். அண்ணாவிடம் இருந்தது 120 சொச்சம். பழைய ஹார்ட் டிஸ்க், ஒவ்வொரு தடவையும் சேவ் ஏற நாலைந்து நிமிஷம். முதலில் ஒரு பாதியை நிறுத்தினேன், வீடு வரவில்லை. அப்படியென்றால் மற்றப் பாதிதான். அதில் பாதி, வரவில்லை. அதில் பாதி, வரவில்லை. விடிய மூன்று மணிக்கு ஒரேயொரு மொட் சந்தேகத்தில் மிஞ்சியது. பனியை இன்னும் வெள்ளையாகக் காட்டுகிற மொட். அதை நிறுத்தினேன். வீடு வரவில்லை.

120 பேரையும் விசாரித்துவிட்டேன், எல்லாரும் சுற்றவாளி. படுத்துக்கிடக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. தொடங்க முதலே, வீட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி ஒரே ஒரு சோதனை செய்து பார்த்திருந்தால், வீடு அப்போதும் வராது என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அப்போது மற்றவர்களை விசாரிக்கவே தேவையில்லை. யாரோ செய்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டுதான் விசாரணையைத் தொடங்கினேன். அந்த நம்பிக்கையை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணாவுக்கு லீவு. அதுவரை அவரிடம் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். திறந்துவைத்து அவருக்குக் காட்ட வேணும் என்ற ஆசை ஒரு பக்கம், பழுதாக்கிவிட்டேனோ என்ற பயம் ஒரு பக்கம். வட்ஸ்அப்பில் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்கேஎஸ்ஈ, மாஸ்டர், வெருளி வரைக்கும். அவர் சிரித்துச் சிரித்துக் கேட்டார். வீடு இல்லை என்றதும் சிரிப்பு நின்றது.

"லொக்கைப் பாத்தனியே?"

"எந்த லொக்?"

"மொட் ஓர்கனைசருக்குக் கீழ ஒரு கட்டம் இருக்கெல்லோ. வரி வரியா ஓடும். அதைப் பார். திறக்கேக்க ஏதும் பெட்டி வாறதோ?"

"ஒண்டு வரும். நான் ஓகே குடுக்கிறனான்."

"என்ன எழுதியிருக்கு அதில?"

எனக்குத் தெரியவில்லை. குறைந்தது ஐம்பது தடவை அந்தப் பெட்டியை மூடியிருப்பேன். அண்ணா லைனில் இருக்கும்போதே திரும்பத் திறந்து, ஒரு சொல் ஒரு சொல்லாக வாசித்துக் காட்டினேன். சில ப்ளகின்களின் பெயர் செல்லாது, அவற்றைக் கேமால் ஏற்ற முடியாது, எவை என்று லொக்கில் பார்த்துப் பெயரை மாற்றவும். அவ்வளவுதான். லொக்கில் ஒரே ஒரு பெயர் இருந்தது. தமிழில்.

அம்மா வீடு.

அண்ணா அந்த ஃபைலுக்கு வைத்திருந்த பெயர் 'அம்மாவீடு', ஆனால் ஆங்கில எழுத்தில். ஜனவரியில் ஏதோ தேடும்போது அந்த ஃபோல்டர் என் கண்ணில் பட்டது. தமிழ் படிக்கிறவளின் வீட்டில் இப்படி ஒரு பெயரா என்று, அழகாகத் தமிழில், இடைவெளியும் விட்டு மாற்றி எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். செய்த கையோடு மறந்தும் போனேன்.

நடந்தது இதுதான். எந்த ப்ளகின்களை ஏற்ற வேணும் என்று மொட் ஓர்கனைசர் ஒரு சின்னப் பட்டியலை எழுதிக் கேமிடம் குடுக்கும். அந்தப் பட்டியல் பழைய எழுத்துமுறை ஒன்றில் இருக்க வேணும். ஆங்கிலமும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளும் மட்டும் கொள்கிற முறை. தமிழுக்கு அதில் இடமே இல்லை. மொட் ஓர்கனைசருக்குத் தமிழ் தெரியும். அதனால் தன் திரையில் 'அம்மா வீடு' என்று காட்டியது, சரி அடையாளமும் போட்டது. ஆனால் கேமிடம் குடுக்கிற பட்டியலில் எழுத வழியில்லை. போதாததுக்கு, சேவ் ஃபைலும் ப்ளகின்களைப் பெயரை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கும். ஆங்கில எழுத்திலேயே வேறு பெயர் வைத்திருந்தாலும் அது வேறு ஒரு வீடுதான்.

"தமிழில வைக்க எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே? முதல் நாளே வைச்சுப் பாத்தனான்" என்றார் அண்ணா. திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்கட எழுத்துக்கு இடம் குடுக்காத மென்பொருளில் கோபப்பட எனக்கு நியாயம் இருக்கிறது. கோபமும் இருக்கிறது. ஆனால் அந்த மென்பொருள் என்னிடம் ஒன்றையும் ஒளிக்கவில்லை. எங்கே பிழை, என்ன செய்ய வேணும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருந்தது. நான்தான் வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரியாமல் இல்லை. ஒரு பெட்டி குறுக்கே வந்தால் மூடிவிட்டு அப்பால் போக வேணும் என்று கை பழகியிருக்கிறது. அதை எங்கே பழகினேன் என்று யோசித்துப் பார்த்தேன். விளங்காத மொழியில் வாற கடிதத்துக்கும் படிவத்துக்கும் "இதில வையுங்கோ" என்று காட்டின இடத்தில் கையெழுத்து வைத்துப் பழகின வீடு எங்கட வீடு. என்ன எழுதியிருக்கு என்று கேட்டால் வரிசை நிற்கும், பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அம்மாவுக்கு அது கட்டாயம். கையில் போன் வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் கருத்துப் பார்க்கக்கூடிய எனக்கு அது வெறும் சோம்பல். இரண்டும் வெளியில் இருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும்.

பெயரை அண்ணா வைத்தபடியே, ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் மாற்றினேன். பட்டியலைப் புதுப்பித்து, வலது பக்கத்தில் சரி அடையாளத்தைத் திரும்பப் போட்டேன். பெட்டி வரவில்லை. சேவை எடுத்தேன். கேள்வியும் வரவில்லை. நாலு நிமிஷம்.

வீடு நின்றது. பனி தூறிக்கொண்டிருந்தது. நான் நினைத்ததை விடச் சின்ன வீடு. கூரை சரிவு வேறு, மரம் வேறு, ஆனாலும் திண்ணை இருந்தது. நான் இருந்து சாப்பிட்ட திண்ணை. உள்ளே போக முதல் போனைத் திருப்பி அண்ணாவுக்குத் திரையைக் காட்டினேன், அம்மாவையும் கூப்பிட்டேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இது என்ன என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உங்க ஏன் குசினியை வைச்சிருக்கிறாய்?" என்றார்.

"எங்க அம்மா?"

"கிணத்தடிப் பக்கம் மாட்டுக்கொட்டிலெல்லே. குசினி இஞ்சால, மாமரத்தடியில."

"இல்லை அம்மா, கொட்டில் பின்னுக்கு. நான்தானே மாடு கட்டிறனான்" என்று கட்டாரிலிருந்து அண்ணா.

"நீ கட்டினது அம்மம்மா வீட்டு மாடு."

கிணறு மட்டும் இப்போதும் காணியில் அதே இடத்தில் இருக்கிறது. அதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. வாசல் படி மூன்றா நாலா, மாமரம் ஒன்றா இரண்டா, திண்ணைக்குச் சீமெந்தா சாணமா. அரை மணித்தியாலம் என் கையில் போன் சூடாகும்வரை இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். 16 வருசத்துக்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி இவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சீஆர் கொப்பியில் மிச்சமிருந்த பக்கங்களில் இரண்டு பேர் சொன்னதையும் தனித்தனியாக எழுதிக்கொண்டேன்.

இப்போது கிரியேஷன் கிட் பழகுகிறேன். அம்மா சொல்கிறபடி குசினியை மாமரத்தடிக்கு நகர்த்தி இன்னொரு ப்ளகின் செய்கிறேன், மெதுவாக. அண்ணாவின் ஃபைலில் கைவைக்கவில்லை. இரண்டையும் ஒரே ப்ரொஃபைலில் ஏற்றினால் ஒன்று மற்றதை மூடிவிடும் என்பதால் இரண்டுக்கும் தனித்தனி ப்ரொஃபைல். ஃபைலின் பெயர் ஆங்கில எழுத்தில்தான். மொட் ஓர்கனைசரில் ஒவ்வொரு மொட்டுக்கும் குறிப்பு எழுத ஒரு இடம் இருக்கிறது, அங்கே தமிழ் ஏறும். அண்ணாவின் வீட்டுக்கு நேரே 'அம்மா வீடு, அண்ணா சொன்னபடி' என்று எழுதியிருக்கிறேன். மற்றதுக்கு 'அம்மா வீடு, அம்மா சொன்னபடி'.